சுவரை உடைக்காத வீடு

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று என் மாமியார் அதற்கு ஆரத்தி எடுத்தார். நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கு எடுத்த அதே தட்டு. எனக்குச் சுற்றியதைவிட அதற்கு ஒரு சுற்று கூடுதலாகவே சுற்றினார் என்று நான் சொல்லிக்காட்டியதுண்டு. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "உனுக்கு கால் இருந்துச்சி, நடந்து வந்த. அத தூக்கினு இல்ல வந்தாங்க" என்பார்.

எண்பதுகளின் கடைசி அது. என் கணவர் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது. மெட்ராஸில் ஒரு கம்பெனி புது மெஷின்கள் வாங்கிவிட்டுப் பழையவற்றைத் தள்ளிவிடுகிறது என்று கேள்விப்பட்டுப் போய் ஒன்றை வாங்கி வந்தார். முதலில் தான் கற்றுக்கொள்வது, பிறகு கோடை விடுமுறையில் வகுப்பு ஆரம்பிப்பது என்பது திட்டம். இன்ஸ்டிட்யூட்டில் தகரக் கூரை, போதாததற்குத் தெருப் புழுதி. அதனால் மெஷினை வீட்டின் பின்னறையில் வைத்தார்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியவில்லையே என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

நன்றாக இருக்கும் மெஷின் எப்படிக் கிளம்ப வேண்டும் என்று என் கணவர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். சுவிட்சைப் போட்டதும் உள்ளே காற்றாடி சுற்றும். கறுப்புத் திரையின் மூலையில் பச்சை எண்கள் விறுவிறுவென்று ஏறும். ஏறி முடித்ததும் ஒரு 'பீப்' சத்தம். பிறகு பிளாப்பி போட்ட இடத்தில் கரகரவென்று ஓடி, ஓர் எழுத்து வந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டில் எண்கள் பாதிவரை ஏறும். திரையில் படம் நாலாபக்கமும் சுருங்கும். அப்படியே அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஏற ஆரம்பிக்கும். சில நாள் எண்ணே வராது, காற்றாடி மட்டும் முனகிக்கொண்டிருக்கும்.

முதலில் தூசிதான் காரணம் என்றார் என் கணவர். அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வைத்தார். ஜன்னலுக்குத் திரை, மெஷினுக்குப் போர்வை. என் கல்யாணப் புடவையைக்கூட நான் அவ்வளவு பத்திரமாக மூடி வைத்ததில்லை. பிறகு பிளாப்பி கெட்டுவிட்டது என்று வேறு பிளாப்பி வாங்கினார். பிறகு எறும்பு புகுந்துவிட்டது என்று மேஜைக் கால்கள் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார். எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் மெஷினைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாண்டிச்சேரி போனார். அங்கே ரிப்பேர் கடையில் போட்ட உடனே ஓடியதாம். மூன்று தடவை போட்டும் மூன்று தடவையும் ஓடியதாம். திரும்பி வந்து எங்கள் பின்னறையில் வைத்துப் போட்டார். எண் பாதியில் நின்றது.

"மெசின்ல ஒண்ணும் இல்லடா. இந்த வூட்டு மேல யாரோ கண்ணு வெச்சிருக்காங்க" என்றார் மாமியார். வாசலில் பூசணிக்காய் உடைத்தார். பூசணிக்காயை உடைத்தால் போதும், சுவரை உடைக்க வேண்டாம் என்று இருந்த வீடு அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வோல்டேஜ் குறைச்சலாக இருக்கும் என்று பாண்டிச்சேரிக் கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் கணவர் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினார். அது நிமிடத்துக்கு நிமிடம் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டதே தவிர மெஷின் கிளம்பவில்லை. அதைவிடப் பெரியதாக இன்னொன்று வாங்கினார். சூட்டினால் இருக்குமோ என்று ஒரு டேபிள் ஃபேனை மெஷினுக்கு நேராக வைத்தார். எல்லாம் ஒரே பிளக்கிலிருந்து. அந்த அறையில் அதுவரை ஒரு குண்டு பல்பு மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது. பங்குனி வெயில் ஏற ஏற, அந்த அறையின் சுமையும் ஏறிக்கொண்டே போனது.

இதில் ஒரு விசித்திரம். சாயங்காலம் என் கை பட்டால் மட்டும் மெஷின் கிளம்பியது.

என் கணவர் நாலரை மணிக்கு இன்ஸ்டிட்யூட்டிலிருந்து சாப்பிட வருவார். சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டுப் பின்னறையில் உட்காருவார். போடுவார், அணைப்பார், திட்டுவார், மறுபடி போடுவார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நான் கொல்லைப்புறம் போய் முகம், கை, கால் கழுவிக்கொண்டு வருவேன். கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அதை ஒட்டித் துணிக்கொடி கட்டுவதற்காக நட்டு வைத்த இரும்புக் குழாய். வயிறு பெரிதாகிக் குனிய முடியாமல் போனதால், ஒரு கையால் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காலில் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். தண்ணீர் செடிக்கும் போகும். பிறகு ஈரக் காலோடு உள்ளே வந்து விளக்கேற்றுவேன். ஒருநாள் என் கணவர் சலிப்போடு, "நீதான் போட்டுப் பாரேன்" என்றார். போட்டேன். எண்கள் முழுசாக ஏறின. 'பீப்' என்றது. கரகரவென்று ஓடியது. மறுநாளும் அப்படியே.

"கைராசி" என்றார் மாமியார், பெருமையோடு. "வவுத்துல இருக்கிறது மகாலட்சுமி. அது வந்து தொறக்குது." தெருவிலிருந்து இரண்டு பேர் அதைப் பார்க்கவே வந்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆறு மாசமாக வாந்தியும் சோர்வுமாகக் கிடந்தவளுக்கு அந்த வீட்டில் ஒரு மரியாதை கிடைத்தால் பிடிக்காமலா இருக்கும்?

ஆனால் கொல்லையில் எனக்குச் சரியாகப் படவில்லை. செடியருகில் நின்றால் உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. குழாயைப் பிடித்த கை மரமரத்தது. முதலில் லேசாக இருந்தது, போகப் போக முழங்கைவரை ஏறியது. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் நெஞ்சு படபடவென்று அடிக்கும். மாமியாரிடம் சொன்னேன். "மாசமா இருந்தா கை காலு மரத்துத்தான் போவும். நான் ஒன் வூட்டுக்காரன சொமந்தப்ப விரல மடக்கக்கூட முடியல" என்றார். அரசு ஆஸ்பத்திரிக்கு மாதாந்திரச் சோதனைக்குப் போனபோதும் சொன்னேன். சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாசமாக இருப்பவள் எதைச் சொன்னாலும் அதற்குக் காரணம் வயிறுதான். வேறு காரணம் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றாது.

அப்புறம் மண்புழுக்கள் வர ஆரம்பித்தன. சித்திரை வெயிலில், மண் வெடித்துக் கிடக்கும்போது, கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி மட்டும் கொத்துக் கொத்தாக மேலே வந்து நெளிந்தன. சாயங்காலம் வரும், காலையில் காய்ந்து நூலாகக் கிடக்கும். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று கொத்துவதற்கு ஓடி வந்தது. கால் வைத்ததும் துள்ளிக்கொண்டு விலகியது. தூரத்தில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்ததே தவிரக் கிட்டே வரவில்லை. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"புழு மேல வந்தா மழ வரும்" என்றார்.

மழை வரவில்லை. கோட்டை மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலத்தில் ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. புழுக்கள் தினமும் வந்தன. நான் கால் கழுவும் இடத்தை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். வேறு இடத்தில் பிடிமானம் இல்லை, வழுக்கி விழுந்தால் என்ன ஆவது என்றார் மாமியார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வீட்டில் அப்போது நடந்த எல்லாவற்றிலும் நியாயம் இருந்தது.

என் வற்புறுத்தலால் ஒருநாள் என் கணவர் வயர்மேனைக் கூட்டி வந்தார். ஊரில் பாதி வீடுகளுக்கு அவர்தான் வேலை செய்கிறவர். பின்னறை பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள ஒயர் போயிருக்குது சார். அப்போ டெம்பரவரியா வுட்டது. செவுத்த ஒடச்சி புது லைன் இழுத்தாத்தான் செரிப்படும்."

மாமியார் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். "இன்னா பேசற நீ? புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல செவுத்த ஒடப்பாங்களா? ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. புள்ளைக்கு ஆவாது."

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால் சுவரை இடிக்க மாட்டார்கள், பள்ளம் தோண்ட மாட்டார்கள், காலண்டர் மாட்ட ஆணிகூட அடிக்க மாட்டார்கள். பிள்ளைக்கு ஊனம் வரும், கரு நிற்காது என்பார்கள். என் அம்மா வீடு சிங்கவரத்தில், அங்கேயும் அப்படித்தான். அதனால் நானும் வாய் திறக்கவில்லை. வயர்மேனும் அந்த ஊர்க்காரர்தானே, உடனே ஒத்துக்கொண்டார். "அதுவும் செரிதான். கொழந்த பொறக்கட்டும், பாத்துக்கலாம்" என்று டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

பிறகு எனக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்துக் கதை சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு வீடு முழுக்க சீரியல் லைட் போட்டார்கள். அதன் சூட்டில் சுவருக்குள் இருந்த இரண்டு ஒயரில் ஒன்று, கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், எரிந்துவிட்டது. கல்யாணத்துக்காக வெள்ளையடித்த சுவரை உடைக்க மனமில்லை. அதே வயர்மேன், பின்னறையிலிருந்து ஒரு ஒயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மண்ணுக்கடியில் ஓட்டித் துணிக்கொடிக் குழாயின் அடியில் கட்டிவிட்டார். கரண்ட் ஒயரில் திரும்பாமல் பூமிக்குள் இறங்கியது. ஒரு பல்புக்கு அது போதும், யாரையும் தொந்தரவு செய்யாது. கம்ப்யூட்டரும் ஸ்டெபிலைசரும் ஃபேனும் சேர்ந்தபோது அத்தனையும் அந்தக் குழாய் வழியாக இறங்க வேண்டியதாயிற்று. மண் காய்ந்திருந்தால் இறங்க இடமில்லாமல் குழாயிலேயே நிற்கும், மெஷினுக்கும் பலம் போதாது. மண் நனைந்தால் இறங்கும், மெஷின் கிளம்பும். நான் கால் கழுவிய தண்ணீர்தான் என் கைராசி.

என் கணவர் மெஷினோடு மல்லுக்கட்டிய ஒவ்வொரு சாயங்காலமும் நான் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நின்றிருக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு.

வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். அது முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். நைனா, என் அப்பா, மாட்டுக் கொட்டகையை ஒழித்து எனக்கு அறை தயார் செய்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் உள்ளூர நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். சிங்கவரம் ஒன்றும் சீமையில் இல்லை, சைக்கிளில் போகிற தூரம்தான். இருந்தாலும் அந்தக் கொல்லையை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

வளைகாப்புக்கு முந்தைய வாரம், என் கணவர் நான்கைந்து மாணவர்களின் பெற்றோரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் பிள்ளைகளை வகுப்பில் சேர்ப்பார்கள். முதல் நாள் சாயங்காலமே போட்டுப் பழகிவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். கிளம்பவில்லை. பெரிய ஸ்டெபிலைசரோடு சின்னதையும் சேர்த்து மாட்டினார். ஸ்டெபிலைசர்கள் மாற்றி மாற்றி அடித்துக்கொள்ளும் சத்தம் அடுப்படிவரை கேட்டது. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பல் கூசும்.

"இந்தா, வந்து போடேன். டென்ஷன் ஏறுது" என்று கத்தினார்.

"இருங்க, கால் கழுவிக்கினு வரேன்" என்றேன்.

அன்று கொல்லையில் ஒரு புழுகூட இல்லை. எல்லாம் செத்து முடிந்துவிட்டன போல. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இடது கையால் குழாயைப் பிடித்தேன். சொம்பைச் சாய்த்தேன். தண்ணீர் காலில் விழுந்தது.

கை குழாயோடு இறுகிக்கொண்டது. நான் பிடித்திருந்தேனா, அது என்னைப் பிடித்திருந்ததா தெரியவில்லை. கத்த வேண்டும் என்று தெரிகிறது, வாய் திறக்கவில்லை. வயிறு கல்லாக இறுகியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிறது, ஸ்டெபிலைசர் அடிக்கிறது, அவர் எண்களைப் பார்த்து "ஏறு, ஏறு" என்று சொல்வது காதில் விழுகிறது. பிறகு ஸ்டெபிலைசர் பெரிதாக ஒரு 'டக்' என்றது. என் கை விட்டது. பக்கவாட்டில் விழுந்தேன்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "சே! நல்லா வந்துக்கினு இருந்துச்சி, ஆஃப் ஆயிடுச்சே!"

சொம்பு உருண்ட சத்தத்துக்கு மாமியார் ஓடி வந்தார். அவர் சத்தம் கேட்டு என் கணவர் வந்தார். தூக்கி உட்கார வைத்தார்கள். "ஈரத்துல வழுக்கிட்டா" என்று மாமியாரே முடிவு கட்டிவிட்டார். நான் குழாயைக் கைகாட்டினேன். "கரண்ட்டு" என்றேன். முதலில் அவர்கள் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கணவர் உள்ளே போய் எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிட்டு, டெஸ்டரை எடுத்துவந்து குழாயில் வைத்தார். அதற்குள் இருந்த குட்டி பல்பு சிவப்பாக எரிந்தது. அவர் ஓடிப்போய் மெயினையே அணைத்தார். பிறகு அடுப்படி நிலையில் சாய்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் காயம் ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் ஒரு வெள்ளைத் தடம், இடுப்பில் வலி. சூடாகப் பால் கொடுத்தார்கள், படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று என் கணவர் கேட்டார். வயிற்றில் வலி இருக்கிறதா, உதிரம் படுகிறதா என்று மாமியார் விசாரித்தார். இல்லை என்றேன். "அப்போ பயப்படாத. புள்ள கெட்டியா புடிச்சினு இருக்கும்" என்றார். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்று அவரை வெறுக்க எனக்குத் தெம்பு இல்லை.

விடிந்ததும் என் கணவர் போய் வயர்மேனை இழுத்து வந்தார். அவர் குழாயைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். "இம்மாம் லோடு போடுவீங்கன்னு யாரு கண்டது? லைட்டுக்குத்தான் வுட்டேன்" என்றார். அப்புறம் ஏணி கேட்டார். ஓட்டின் மேல் ஏறி, முன்கட்டிலிருந்து பின்னறைவரை ஒரு ஒயரை ஓட்டின் மீதே இழுத்து, உத்திரத்தில் சுற்றிக் கட்டி ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். சுவரில் ஒரு கீறல் இல்லை. ஒரு ஆணி அடிக்கவில்லை. அடுப்பில் வைத்த இட்லி வேகுமுன் வேலை முடிந்துவிட்டது. இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்று கேட்க எனக்குத் தொண்டைவரை வந்தது. மாமியார் ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் அதே கேள்வி வந்திருக்கும்.

பின்னறையில் என் கணவர் சுவிட்சைப் போட்டார். படுத்த இடத்திலிருந்தே எனக்குக் கேட்டது. காற்றாடி ஒரே சீராகச் சுற்றியது. ஸ்டெபிலைசர் வாயே திறக்கவில்லை. 'பீப்' என்றது. பிளாப்பி கரகரவென்று ஓடி நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் 'பீப்'. தன்னை மறந்து, "இந்தா, வந்து பாரேன்! கெளம்பிடுச்சி!" என்று குரல் கொடுத்தார். அதில் அப்படி ஒரு சந்தோஷம். மறுகணமே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்டது.

நான் வயிற்றில் கை வைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் காலையில் ஒரு டம்ளர் காபி குடித்தால் போதும், பிள்ளை இடது பக்கம் உதைக்கும். காபி குடித்தாகிவிட்டது. புரண்டு படுத்துப் பார்த்தேன். சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு பார்த்தேன். விரலால் மெதுவாகத் தட்டினேன். இரவு ஒரு தடவை அசைந்ததுபோல் இருந்தது. அது பிள்ளையா, என் ஆசையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கணவர் வாசற்படியில் வந்து நின்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷா கூப்பிட ஓடினார்.

மாமியார் வரவில்லை. மெஷினைப் பார்க்க வரச் சொன்னவர்கள் வந்துவிட்டால் வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே என்றார். உண்மையில் அவருக்குப் பயம். எனக்குத் தெரியும். வாசல்வரை வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார், கண்ணைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வெளியே ஒரே கூட்டம். என் வயிற்றைப் பார்த்து உள்ளே விட்டார்கள். என் கணவரைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். நர்ஸம்மா என்னை மேஜையில் படுக்க வைத்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பதித்தார். இடது பக்கம் கேட்டார். வலது பக்கம் கேட்டார். அடிவயிற்றில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் கேட்டார். அறையில் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். மறுபடியும் இடது பக்கம் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, விலகியிருந்த என் சேலையை அவரே சரி செய்தார்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்றார்.

"எங்க வூட்டுக்காரரு."

"அவரு இருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொம்பளைங்க யாராவது வந்திருக்காங்களா?"